கேபிளுக்க மேல எழுதுனத விடுங்க, வெட்டிப் பாருங்க

கொளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம்னு எந்த ஹார்பர் பக்கம் போனாலும் போட்டுக்க மேல ஒரு வெள்ளை ஆன்டெனா குச்சி நிக்கும், அதுல இருந்து ஒரு கறுப்பு கேபிள் இறங்கி வயர்லெஸ் செட்டுக்கு போகும். வீட்டு மாடியில டிஷ்ல இருந்து டிவிக்கு வாறதும் பாக்கதுக்கு அதே மாதிரி கறுப்பு கேபிள்தான். ரெண்டும் கோஆக்ஸியல், அதாவது நடுவுல ஒரு கம்பியும் அத சுத்தி ஒரு வலையும் உள்ள கேபிள். ஆனா ரெண்டும் ஒண்ணு கெடையாது. இதுக்கு பதிலா அத போட்டாலும் செட்டு பேசும், ஆனா பேசவேண்டிய அளவுக்கு பேசாது, எதனாலன்னும் பிடிகிடைக்காது, அதான் இதுல உள்ள தொந்தரவு.

கேபிளுக்க மேல அச்சடிச்சிருக்குமே அத பாத்தா போதாதான்னு கேப்பீங்க. மொதல்ல, உப்புக்காத்தும் வெயிலும் பட்ட கேபிள்ல எழுத்து மிஞ்சாது. ரெண்டாவது, மிஞ்சினாலும் நம்ப முடியாது. ஆர்ஜி-58, ஆர்ஜி-213ன்னு சொல்லுற அந்த ஆர்ஜி, ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அமெரிக்க ராணுவம் கேபிளுக்கு போட்ட லிஸ்ட்ல இருந்து வந்தது, 'ரேடியோ கைடு'ன்னு விரிவு. நம்பருக்கு உள்ள கணக்கு ஒண்ணும் கெடையாது, சும்மா வரிசை நம்பர். அந்த ராணுவ லிஸ்ட்ல இப்ப பழைய பேருங்க நடைமுறையில இல்ல, அதனால 'ஆர்ஜி-58 டைப்'னு யாரும் எதுக்கு மேலயும் அடிச்சுக்கிடலாம், உள்ள என்ன வச்சிருக்காங்கங்கறது அவங்கவங்க மனசாட்சி.

சரி, தடிமன் வச்சு கண்டுபிடிக்கலாமா? ஓரளவுக்கு. வெர்னியர் காலிப்பர் வச்சு அளந்து பாத்தா 5 மி.மீ கிட்ட இருந்தா ஆர்ஜி-58 ஆக இருக்கும், 6 மி.மீ கிட்டன்னா ஆர்ஜி-59, 7 மி.மீ கிட்டன்னா டிஷ்க்கு போடுற ஆர்ஜி-6, பென்சில விட தடியா 10.3 மி.மீ இருந்தா அங்கதான் மாட்டிக்கிடுவீங்க. ஏன்னா ஆர்ஜி-213, ஆர்ஜி-11, எல்எம்ஆர்-400 மூணுமே அந்த 10.3தான், மூணும் கறுப்பு, கையில பிடிச்சாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனா ஆர்ஜி-11 75 ஓம், மத்தது ரெண்டும் 50 ஓம். இந்த ஓம் கணக்குக்கு பேரு இம்பீடன்ஸ், ஓடுற அலைக்கு கேபிள் காட்டுற எதிர்ப்பு, அது செட்டுக்கு பொருந்தணும்.

அதனால ஒரு பிளேடு எடுத்து நுனிய வெட்டி பாக்கதுதான் வழி. உள்ள நாலு அடுக்கு இருக்கும், நடுவுல செம்புக் கம்பி, அத சுத்தி வெள்ளை பிளாஸ்டிக், அதுக்கு மேல பின்னல் வலை, கடைசியா கறுப்புத் தோல். சிக்னல் கம்பிக்கு உள்ள ஓடுதுன்னுதான் நிறைய பேருக்கு நெனப்பு, ஆனா அலை உண்மையில நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடையில உள்ள அந்த வெள்ளை பிளாஸ்டிக் வழியாத்தான் போகுது, கம்பியும் வலையும் அதுக்கு ரெண்டு பக்கத்து கரை. அதனாலதான் இம்பீடன்ஸ் எத்தன ஓம்ங்கறது கேபிளுக்க மொத்த தடிமனுக்கும் நீளத்துக்கும் சம்பந்தமே இல்லாம, ரெண்டே ரெண்டு விஷயத்துல நிக்குது: வெள்ளை பிளாஸ்டிக்குக்க விட்டம் நடுக்கம்பிக்க விட்டத்த விட எத்தன மடங்கு, அந்த பிளாஸ்டிக் எந்த வகை.

பிளாஸ்டிக்க நகத்தால அமுக்கி பாருங்க. கட்டியா, லேசா கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவி, நகம் பதியாம இருந்தா அது கெட்டி பாலிஎத்திலீன். பால் வெள்ளையா, ஆப்பத்துக்க நடுப்பாகம் மாதிரி அமுங்கிச்சுன்னா உள்ள காத்துக் குமிழி உள்ள ஃபோம். கெட்டி பிளாஸ்டிக்னா மடங்கு சுமார் 3.5 வந்தா 50 ஓம், 6.5 வந்தா 75 ஓம். ஃபோம்னா 2.7 வந்தா 50, 4.5 வந்தா 75. இந்த நாலு நம்பர மனப்பாடம் பண்ணி வச்சுக்கிட்டா எந்த கடையில எந்த ரோல காட்டினாலும் ஏமாற மாட்டீங்க.

பழைய சாமான் எடைக்கு வாங்குற ஆக்கர் கடையில ஒரு 10.3 மி.மீ ரோலு கெடக்குன்னு வைங்க. வெட்டுனா ஏழு பிரி செம்பு, மொத்தமா 2.25 மி.மீ, அத சுத்தி கெட்டி பிளாஸ்டிக் 7.25. வகுத்தா 3.2 வருது, பிரிக்கம்பிக்கு எப்பவும் கணக்கு கொஞ்சம் குறைச்சலா வரும் ஏன்னா பிரிக்கு இடையில பள்ளம் இருக்குல்லா, அதனால இது 50 ஓம், ஆர்ஜி-213. அதே ஏழு பிரி, ஆனா ஒல்லியா மொத்தம் 1.2 மி.மீதான் இருக்குன்னா ஆறு மடங்கு வருது, அது 75 ஓம் ஆர்ஜி-11. ஒத்தக் கம்பி 1.6 மி.மீ, ஃபோமு 7.1ன்னா அதுவும் ஆர்ஜி-11தான், கேபிள் டிவிக்காரங்க இழுக்குற வகை. ஒத்தக் கம்பி 2.7 மி.மீ தடியா, ஃபோமு 7.2ன்னா எல்எம்ஆர்-400, 50 ஓம். வெளிய ஒரே சைஸ், உள்ள நாலு விதம்.

ஏன் இந்த 50ம் 75ம்னு கேட்டா, உள்ள காத்து மட்டும் உள்ள கேபிள்ல சிக்னல் கொறஞ்சு போறது சுமார் 77 ஓம்ல ஆகக் குறைவு, பவர் தாங்குறது சுமார் 30 ஓம்ல ஆகக் கூடுதல். அனுப்பவும் வாங்கவும் வேணும்ங்கற வயர்லெஸ்காரனுக்கு ரெண்டுக்கும் நடுவுல 50, வாங்க மட்டும் செய்யுற டிவிக்கு 75.

இனி நடுக்கம்பி. ஒரு காந்தத்த கிட்ட கொண்டு போங்க. ஒட்டிச்சுன்னா உள்ள இரும்பு, மேல செம்பு பூச்சு. இது ஏமாத்து வேலை இல்ல, டிவி கேபிள்ல நெறைய இப்படித்தான் வரும், ஏன்னா 100 மெகாஹெர்ட்ஸ்ல கரண்டுல பெரும்பகுதி செம்புக்க மேல்தோல்ல சுமார் 0.007 மி.மீ ஆழத்துக்கு உள்ளதான் ஓடும், அதுக்கு கீழ இரும்பு இருந்தா என்ன ஈயம் இருந்தா என்ன. ஆனா அடிமட்ட அதிர்வெண்ணுக்கும் டிசி கரண்டுக்கும் முழுக்கம்பியும் வேணும். பழைய அனலாக் சிசிடிவி கேமராவுக்கு இரும்புக்கம்பி கேபிள் இழுத்தா தூரம் கூடக்கூட படம் மங்கும், டிஷ்க்கு முன்னால சிக்னல் பிடிக்குற எல்என்பி டப்பாவுக்கு போற 13, 18 வோல்ட்டும் நீளம் கூடுனா வழியில சாப்பிட்டுப் போகும். காந்தம் ஒட்டலன்னா உடனே முழுச் செம்புன்னு சந்தோஷப்படவும் வேண்டாம், பிளேடால சுரண்டி பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அலுமினியம், மேலதான் செம்பு.

தோலு பிரவுன் கலர்ல கண்ணாடி மாதிரி இருந்து, உள்ள உள்ள கம்பியும் வலையும் வெள்ளி மாதிரி மின்னிச்சுன்னா அது டெஃப்லான் வகை, 2.5 மி.மீன்னா ஆர்ஜி-316, 5 மி.மீ ரெட்டை வலைன்னா ஆர்ஜி-142. சால்டரிங் அயர்ன நுனியில வச்சா சாதா பிளாஸ்டிக் உருகி வடியும், டெஃப்லான் அசையாது. ரொம்ப நேரம் சூடு பண்ணி அந்த புகைய மூச்சுல இழுக்காதீங்க, நல்லது இல்ல. நடுக்கம்பிய சுத்தி ஒரு பிளாஸ்டிக் நூலு சுருண்டு கெடந்து மிச்சம் எல்லாம் வெறும் காத்தா இருந்தா ஆர்ஜி-62, 93 ஓம், பழைய கம்ப்யூட்டர் நெட்வொர்க் சாமான், நமக்கு ஆவாது.

மல்டிமீட்டர ஓம்ல வச்சு ரெண்டு முனையில தொட்டு '50 காட்டலியே, கேபிள் போச்சு'ன்னு சொல்லுற ஆளுங்க உண்டும். காட்டாது, நுனி திறந்து கெடந்தா ஒண்ணுமே காட்டாது, அது டிசியில அளக்குற சமாச்சாரம் இல்ல. மீட்டர்ல கெபாசிட்டன்ஸ், அதாவது மின்தேக்கு திறன், அளக்க வசதி உண்டும்னா சரியா ஒரு மீட்டர் துண்டு வெட்டி, மறு நுனிய திறந்து வச்சு அளந்து பாருங்க: கெட்டி பிளாஸ்டிக் 50 ஓம்னா சுமார் 100 பிகோஃபாரட், 75 ஓம்னா 67, ஃபோம் 75ன்னா 53 கிட்ட வரும். மீட்டருக்க சொந்த வயருக்க கெபாசிட்டன்ஸ கழிக்க மறக்கப்பிடாது.

இதுல எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டும். 50க்கு பதிலா 75 போட்டா செட்டு எரிஞ்சிரும்ங்கற பயம் கொஞ்சம் ஜாஸ்தி, 50 ஓம் செட்டு 75 ஓம்ம பாத்தா திரும்பி வாற பவர் வெறும் 4 சதவீதம்தான். உண்மையான திருடன் கேபிளுக்க உள்ள நடக்குற இழப்பு. போட்டு வயர்லெஸ்ல ஆபத்துக்கு கூப்பிடுற மெரைன் விஎச்எஃப் சானல் 16, 156.8 மெகாஹெர்ட்ஸ்ல, கரையில உயர கம்பம் நட்டு 30 மீட்டர் ஆர்ஜி-58 இழுத்தா 25 வாட்ஸ் செட்டுல இருந்து ஆன்டெனாவுக்கு போய் சேருறது 6 வாட்ஸ் கிட்டதான், அதே நீளம் ஆர்ஜி-213ன்னா பாதிக்கு மேல போய் சேரும். வாங்குறதுக்கும் இதே கதிதான். ஒக்கி புயலுக்கு அப்புறம் வயர்லெஸ் எவ்வளவு தூரம் கேக்கும்ங்கறது இந்தக் கடக்கரையில யாருக்கும் சின்ன விஷயம் இல்ல. போட்டுல 10 மீட்டருக்கு உள்ளன்னா ஆர்ஜி-58ம் சமாளிக்கும்.

போட்டுக்கு டிஷ் கேபிள் வேண்டாம்னு நான் சொல்லுறதுக்கு காரணம் ஓம் இல்ல, வலை. ஆர்ஜி-6ல வலை பெரும்பாலும் மெல்லிசு அலுமினியம், கூட ஒரு ஃபாயில், சாதா ஈயப்பத்து ஒட்டாது, உப்புத்தண்ணி பட்டா வெள்ளப் பொடியா உதிரும். செம்பு வலையும் கறுக்கும் பச்ச பிடிக்கும், ஆனா வெள்ளீயம் பூசின செம்பு கொஞ்ச காலம் கூட தாங்கும். கனெக்டர் வழியா ஒரு தடவ தண்ணி உள்ள போச்சுன்னா வலை அத திரி மாதிரி உறிஞ்சு மேல மேல ஏத்தும், வெளித்தோலு புதுசு மாதிரியே இருக்கும். அதனால பழைய கேபிள் கையில இருந்தா நுனியில தோல உரிச்சு வலை மினுங்குதான்னு பாருங்க, கறுத்திருந்தா ஒரு சாண் வெட்டிட்டு மறுபடி பாருங்க, ஒரு மீட்டர் உள்ள போயும் கறுப்பாவே இருந்தா ரோலோட எடைக்கு போட்டுட்டு வந்துருங்க, முழுச் செம்பா அலுமினியமாங்கறத முன்னாடியே சுரண்டி பாத்து வச்சிருந்தா ஆக்கர் கடைக்காரர்கிட்ட ரேட்டு பேச வசதியா இருக்கும்.