கேஷ் ஃபிளஷ்: அழிப்பதா, எடுத்தெழுதுவதா?

சர்வரின் மதர்போர்டை மாற்ற வந்த பொறியாளர் மேல்மூடியில் கை வைக்கும் முன் கேட்டார்: “கேஷ் ஃபிளஷ் பண்ணியாச்சா?” எங்கள் பக்கத்துப் பையன் உற்சாகமாக, “கிளியர் பண்ணிட்டேன் சார்” என்றான். அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, “எந்த கேஷ் தம்பி?” என்றார். தம்பி செய்திருந்தது லினக்ஸின் நினைவகக் கேஷைக் காலி செய்யும் கட்டளை. அவர் கேட்டது, பல வட்டுகளை (டிஸ்க்) ஒன்றாகச் சேர்த்து ஆளும் ரெய்டு கார்டின் கேஷை. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. எல்லாம் ‘கேஷ்’, எல்லாம் ‘கிளியர்’ என்று வாய்க்கு வந்தபடி புழங்குவதால் வரும் வினை இது.

முதலில் கேஷ். தரவு தற்காலிகமாகத் தங்கும் வேகமான நினைவகம். ஒளித்து வைப்பதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல். கனடாக் காடுகளில் விலங்குத் தோலுக்காக அலைந்த பிரெஞ்சுக்காரர்கள், திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று உணவையும் தோலையும் குழியில் புதைத்து வைப்பார்கள். அந்த மறைவிடத்துக்கு இதுதான் பெயர். கணினிக்குள் வந்தது 1968 வாக்கில். ஐபிஎம் சிஸ்டம்/360 மாடல் 85 கணினியில் இருந்த ‘ஹைஸ்பீட் பஃபர்’ என்ற பெயர் சப்பென்று இருக்கிறதே என்று, ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னலின் ஆசிரியர் லைல் ஜான்சன் இந்தச் சொல்லைச் சொன்னார், ஒட்டிக்கொண்டது. நம் காசு போர்த்துக்கீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் சின்னச் செப்புக்காசைக் குறிக்கும் ‘கேஷ்’ ஆனதே, அது வேறு கதை. ஒலி மட்டும்தான் ஒன்று.

தமிழில் இதைப் ‘பதுக்ககம்’ என்கிறவர்கள் உண்டு. மூலத்துக்கு மிக நெருக்கம்தான். ஆனால் பதுக்கல் என்றாலே ரேஷன் அரிசி மூட்டை கண்முன் வந்துவிடுகிறதே! ‘தற்காலிகச் சேமிப்பு’ எளிது, நீளம். எனக்குத் ‘தேக்ககம்’ பிடிக்கும்: தேங்குவது ஒருநாள் வழிந்து போயாக வேண்டும் என்ற எண்ணம் அதற்குள்ளேயே இருக்கிறது.

கேஷைவிடச் சிக்கலான சொல் ஃபிளஷ். ஆங்கிலத்தில் நீர் சட்டெனப் பாய்வதைச் சொல்வது. நமக்கோ ஃபிளஷ் என்றால் கழிவறை, போனது போனதுதான். கணினியில் பொருள் நேர் எதிர்: தேங்கியிருப்பதைத் தொலையவிடாமல் வட்டில் எழுதிவிடுவது. ரெய்டு கார்டுக்கென்று 1 ஜிபி, 2 ஜிபி, 8 ஜிபி என்று சொந்த நினைவகம் இருக்கும். ரைட்-பேக் முறையில், தரவு அங்கே வந்து சேர்ந்ததுமே “எழுதியாச்சு” என்று கார்டு இயங்குதளத்திடம் சொல்லிவிடும். வட்டில் உண்மையாக எழுதுவது அப்புறம்தான். நடுவில் மின்சாரம் போனால் காப்பாற்ற ஒரு பேட்டரி. புதிய கார்டுகளில் மின்தேக்கி, அது தரும் சில நொடி மின்சாரத்தில் தரவு, மின்சாரமின்றியும் நினைவில் வைத்திருக்கும் ஃபிளாஷ் சில்லுக்குப் போய்விடும்.

ஃபிளஷுக்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று தயாராக இருக்கிறது. மேல்நிலைப் பள்ளிக் கணக்குப்பதிவியலில் குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்குக் கொண்டுபோவதை ‘எடுத்தெழுதுதல்’ என்பார்கள். கடையில் வேகத்துக்குக் குறிப்பேடு, நிலையான கணக்குக்குப் பேரேடு. எடுத்தெழுதும் முன் குறிப்பேடு தொலைந்தால் என்ன ஆகுமென்று எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஃபிளஷ் என்றால் எடுத்தெழுதுதல். ‘டர்ட்டி டேட்டா’வுக்கு ‘அழுக்குத் தரவு’ வேண்டாம். ‘எடுத்தெழுதாத தரவு’ போதும்.

இந்தச் சொல்லை வைத்துப் பார்த்தால் வேலையின் வரிசையும் தெளிவாகிறது. தரவுத்தளத்தை நிறுத்து. லினக்ஸின் ‘சிங்க்’ கட்டளை கொடு. அது இயங்குதளத் தேக்ககத்தில் இருப்பதைக் கீழே தள்ளும், ஆனால் கார்டு அதைத் தன் நினைவகத்தில் வாங்கிவைத்தே “சரி” சொல்லக்கூடும். எனவே ஸ்டோர்சிஎல்ஐ போன்ற கார்டின் சொந்தக் கருவியில் ஃபிளஷ்கேஷ் கட்டளையைத் தனியாகக் கொடு. வட்டில் எழுதிய பிறகே “எழுதியாச்சு” சொல்லும் ரைட்-த்ரூ முறைக்கு மாற்று. இனி எதுவும் தேங்காது. பிறகு முறையாக அணை. முறையாக அணைத்தாலே பெரும்பாலும் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் எடுத்தெழுதிவிடும். தொங்கிப்போய், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்த சர்வரில்தான் வில்லங்கம். கேஷ் பலகையில் சின்ன விளக்கு எரிந்தாலோ மினுக்கினாலோ பல கார்டுகளில் உள்ளே இன்னும் தரவு இருக்கிறது என்று அர்த்தம். அப்போது கார்டைப் பிடுங்கினால், கடைசியாக எழுதியது பழைய கார்டோடு போய்விடும். வட்டுகள் மட்டும் புதிய கார்டில் அரைகுறைக் கணக்கோடு நிற்கும்.

வட்டு காணாமல் போன நிலையில் இயக்கினால் சில கார்டுகள் திரையில் நிறுத்திக் கேட்கும்: தேங்கிய தரவை ‘டிஸ்கார்ட்’ செய்யட்டுமா? தமிழில் ‘அழி’ என்று எழுத வேண்டிய இடம் இதுதான். வட்டுகளெல்லாம் சரியாக மாட்டியிருக்கின்றனவா என்று ஒருமுறை இழுத்துச் செருகிப் பார்க்காமல் அந்தக் கேள்விக்கு ஆம் சொல்லக் கூடாது.