சாப்பாட்டுக் கணக்கில் வராதவை

“நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள்?” உணவியல் ஆலோசனைக்கு வரும் எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான். மூன்று வேளைச் சாப்பாட்டையும் அநேகமாக எல்லோரும் தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். எத்தனை கரண்டி, என்ன காய், எவ்வளவு எண்ணெய் என்பதுவரை ஒப்பிப்பவர்களும் உண்டு. இடையில் வேறு ஏதாவது என்று கேட்டால், “ஒன்றுமில்லை” என்பார்கள். மறைப்பதற்காகச் சொல்வதில்லை, உண்மையிலேயே ஞாபகத்தில் இருப்பதில்லை. “டீயோடு?” என்று கேட்டால்தான் பிஸ்கட் வெளியே வரும். “பாலில் ஏதாவது கலக்கிக் குடிப்பீர்களா?” என்றால் சத்துப் பானப் பொடி. “ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள?” என்றால் பாட்டில் சாஸ். பிள்ளைக்கு வாங்கி, அது மிச்சம் வைத்ததைத் தான் தின்று தீர்த்த சிப்ஸ் கடைசியாக வரும்.

எப்போதோ ஒரு விருந்தில் சாப்பிட்ட ஐஸ்கிரீமுக்காக மனம் வருந்துகிறவர்கள், தினமும் இரு வேளை சாப்பிடும் பிஸ்கட்டைப் பற்றி யோசிப்பதே இல்லை. எதைக் குறைக்க வேண்டும் என்று கேட்டால் நான் கை காட்டுவது இதைத்தான்: சாப்பாடு என்றே எண்ணாமல் நாள்தோறும் உள்ளே போகிறவை. அவற்றில் பெரும்பாலானவை அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவுகள்.

எது அதீதம் என்பதில் குழப்பம் நிறைய இருக்கிறது. பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மான்டெய்ரோவும் அவர் குழுவினரும் 2009 முதல் வளர்த்தெடுத்த ‘நோவா’ வகைப்பாடு உணவை நான்காகப் பிரிக்கிறது. மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதிராக வாங்கி வேகவைத்தால் முதல் வகை. அதிலிருந்து எடுத்த எண்ணெய், சமையலுக்கு உதவும் இரண்டாம் வகை. மணிகளை உப்புநீரில் போட்டு டப்பாவில் அடைத்தால் மூன்றாம் வகை. அதன் மாவை இயந்திரத்தில் அழுத்திப் பொரியவைத்து, எண்ணெய், மணமூட்டி, நிறமி, சுவைகூட்டி எல்லாம் சேர்த்துப் பளபளக்கும் பையில் அடைத்தால் நான்காம் வகை. நாம் பேசுவது இந்த நான்காம் வகையைப் பற்றி மட்டுமே.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பதப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டதுமே உறைய வைத்த பட்டாணி, பாஸ்டரைஸ் செய்த பால், டப்பாவில் அடைத்த மீன் எல்லாவற்றுக்கும் பயப்படத் தொடங்கிவிடுகிறார்கள். உலர்த்துவது, அரைப்பது, புளிக்க வைப்பது, உறைய வைப்பது எல்லாமே பதப்படுத்தல்தான். அவை இல்லாமல் மனிதர்கள் ஒரு பருவத்தைத் தாண்டியிருக்க முடியாது. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. குளுக்கோஸ் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்தைச் சிதைத்துச் செய்த பொடி), ஹைட்ரஜனேற்றிய எண்ணெய், எமல்சிஃபயர் (எண்ணெயும் நீரும் பிரியாமல் வைப்பது), செயற்கை மணமூட்டி போல, வீட்டுச் சமையலுக்கென்று யாரும் வாங்கி வைக்காத பொருள்கள் உறையின் பின்பக்கப் பட்டியலில் இருந்தால் அது பெரும்பாலும் நான்காம் வகை.

இந்த உணவுகளில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகம், அதனால்தான் கெடுதல் என்றே நீண்டகாலம் சொல்லி வந்தோம். அது மட்டும்தானா என்று பார்க்க, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹாலும் அவர் குழுவினரும் ஒரு சோதனை நடத்தி 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். 20 பேரை நான்கு வாரங்கள் ஆய்வகத்திலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரங்கள் அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவு, இரண்டு வாரங்கள் குறைவாகப் பதப்படுத்திய உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் இரண்டிலும் ஏறத்தாழச் சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம், மிச்சம் வைக்கலாம். இரண்டும் ஒரே அளவு பிடித்திருப்பதாகவே கலந்துகொண்டவர்கள் மதிப்பிட்டார்கள். ஆனால் அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவு கிடைத்த நாள்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டே வாரங்களில் எடை சராசரியாக 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரங்களில் யாரும் சொல்லாமலேயே ஏறத்தாழ அதே அளவு குறைந்தது.

அந்த ஆய்வில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த தகவல் ஒன்று உண்டு: அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவை அவர்கள் வேகமாகச் சாப்பிட்டார்கள். அது மென்மையானது, அதிகம் மெல்ல வேண்டியதில்லை, சிறிய கவளத்துக்குள் நிறைய கலோரி அடங்கியிருக்கிறது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் தட்டு காலி.

இதைவிடப் பழைய சான்றும் இருக்கிறது. 1977-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், ஒரே அளவு ஆப்பிளை முழுப் பழமாகவும், கூழாகவும், சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். சாற்றைக் குடித்து முடித்த வேகம், பழத்தைத் தின்ற வேகத்தைப் போலப் பதினோரு மடங்கு. பசி அடங்கியதில் பழத்துக்கு முதலிடம், கூழுக்கு அடுத்தது, சாற்றுக்குக் கடைசி. கூழில் நார்ச்சத்து அப்படியேதான் இருந்தது. அதன் கட்டமைப்பு உடைந்திருந்தது, அவ்வளவே. உணவின் கட்டமைப்பைக் குலைத்தால் அதில் உள்ள சத்துகளின் பட்டியல் மாறாமல் இருந்தும், நம் உடல் அதை எதிர்கொள்ளும் விதம் மாறிவிடுகிறது.

“எனக்கு மன உறுதி போதாது, ஒரு பாக்கெட்டைப் பிரித்தால் நிறுத்த முடிவதில்லை” என்று கண் கலங்கச் சொல்பவர்களிடம் நான் இந்த ஆய்வுகளைத்தான் விளக்குகிறேன். நிறுத்த முடியாததற்கு உங்கள் குணம் காரணமில்லை. வாயில் வைத்ததும் கரையும்படி, அடுத்ததைக் கை தேடும்படி வடிவமைத்த பொருள் அது. உங்களை நொந்துகொள்வதை விட்டுவிட்டு, அந்தப் பொருள் வீட்டுக்குள் வரும் வழியைப் பாருங்கள்.

நோய்களுடன் உள்ள தொடர்பையும் சொல்ல வேண்டும். 2024-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட தொகுப்பாய்வு, ஏறத்தாழ ஒரு கோடிப் பேரின் தரவுகளைத் திரட்டிப் பார்த்து, 32 உடல்நலக் கேடுகளுடன் இந்த உணவுகளுக்குத் தொடர்பு இருப்பதைக் காட்டியது. இதய நோய் மரணம், இரண்டாம் வகை நீரிழிவு, மனப்பதற்றம் ஆகியவற்றில் சான்று வலுவாக இருந்தது. தொடர்பு என்பது வேறு, இதுதான் காரணம் என்று நிறுவுவது வேறு என்பதை மறக்கக் கூடாது. எல்லாம் ஒரே தரத்தில் கெட்டவையும் இல்லை. சர்க்கரை பானங்களையும் பதப்படுத்திய இறைச்சியையும் முழுத்தானிய ரொட்டியோடு ஒரே வரிசையில் நிறுத்த நான் தயாராக இல்லை. 2025-இல் பிரிட்டனில் 55 பேரை வைத்து நடந்த சோதனையில், சமச்சீர் உணவு வழிகாட்டுதலுக்குப் பொருந்தும்படி தேர்ந்தெடுத்த அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவிலும் எடை குறைந்தது. ஆனால் குறைவாகப் பதப்படுத்திய உணவில் ஏறத்தாழ இரு மடங்கு குறைந்தது. பாக்கெட்டுகளிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்தாலும் பலன் உண்டு. சமைத்த உணவுக்கு மாறினால் பலன் கூடும்.

நல்லதாகப் பார்த்து எடுப்பது எப்படி? பாக்கெட்டின் முன்பக்கத்தை நம்பவே நம்பாதீர்கள். அது விளம்பரம். ஆலோசனைக்கு வருகிறவர்களை வீட்டில் இருப்பதைக் கொண்டுவரச் சொல்வேன். நீரிழிவு உள்ள ஒருவர், தனக்கு ஏற்றது என்று நம்பி நெடுநாளாகச் சாப்பிட்டுவந்த பிஸ்கட்டைக் கொண்டுவந்தார். முன்னால் கோதுமைக் கதிர் படம், ‘நார்ச்சத்து நிறைந்தது’ என்ற பெரிய எழுத்து. திருப்பினோம். பட்டியலில் முதல் பொருள் மைதா. அடுத்தது தாவர எண்ணெய், அதற்கடுத்தது சர்க்கரை. சற்றுத் தள்ளி குளுக்கோஸ் சிரப், இன்னும் கீழே மால்டோடெக்ஸ்ட்ரின். தவிடு அதற்கும் பின்னால். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்கள். சர்க்கரையையும், அதைப் போலவே ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிற பொருள்களையும் மூன்று பெயர்களாகப் பிரித்துவிட்டால், ஒவ்வொன்றும் சிறிதாகிக் கீழே இறங்கிவிடும். மூன்றையும் கூட்டினால் முதலிடத்தை நெருங்கும். அவர் அந்தச் சிறு எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டு இரண்டு முறை படித்தார். “இதைத்தான் நான் மருந்து மாதிரி சாப்பிட்டேனா?” என்றார்.

சர்க்கரைக்கு இன்னும் பல வேடங்கள் உண்டு: டெக்ஸ்ட்ரோஸ், இன்வெர்ட் சிரப், ஃப்ரக்டோஸ், பழச்சாற்று அடர்கரைசல். கடைசியாகச் சொன்னதைச் சேர்த்துவிட்டு ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று முன்பக்கத்தில் போடுவதும் நடக்கிறது. 4 கிராம் சர்க்கரை ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. 330 மில்லி கோலா பானத்தில் சுமார் 35 கிராம் இருக்கும். ஒன்பது தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. சோடியம் என்று போட்டிருந்தால் அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எண்களைப் படிக்கும்போது அவை நூறு கிராமுக்கா, ‘ஒரு பரிமாறலுக்கா’ என்றும் பாருங்கள். பரிமாறல் என்பது இரண்டே பிஸ்கட்டாக இருக்கும். இரண்டோடு நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர்?

பட்டியலில் சேர்க்கைப் பொருள்களைக் குறிக்கும் சேர்மான எண்கள் இருப்பதாலேயே பயப்பட வேண்டாம். 300 என்பது வைட்டமின் சி. ஆனால் எண்களின் வரிசை நீண்டுகொண்டே போனால், அது எந்த வகை உணவு என்பது தெரிந்துவிடும்.

இனி குறைக்கும் வழி. எல்லாவற்றையும் திங்கட்கிழமை முதல் நிறுத்துகிறேன் என்று கிளம்பாதீர்கள். அப்படிக் கிளம்பியவர்களில் நிலைத்து நின்றவர்கள் மிகக் குறைவு. ஒரு வாரம் வாயில் போட்டதையெல்லாம் எழுதுங்கள். எது அதிக முறை வருகிறதோ அதை மட்டும் முதலில் மாற்றுங்கள். பட்டியலில் இனிப்புப் பானம் இருந்தால் யோசிக்காமல் அதிலிருந்தே தொடங்குங்கள். சர்க்கரை இல்லாத டயட் பானத்துக்கு மாறிவிட்டேன் என்பவர்களுக்கு ஒரு செய்தி: உடல் எடையைக் கட்டுப்படுத்தச் செயற்கை இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. நாக்கு இனிப்பின் அளவைக் குறைத்துக்கொள்ளப் பழக வேண்டும். படிப்படியாகக் குறைத்தால் சில வாரங்களில் பழகிவிடும். அதன்பிறகு பழைய இனிப்பு திகட்டும். பழச்சுவைத் தயிரை விட முடியாதவர்கள், பாதிக்குப் பாதி வெறும் தயிர் கலந்து தொடங்கலாம். பிறகு பழத்துண்டு மட்டும் போதும்.

மாலை நாலு மணிப் பசிதான் பலருக்கும் பெரிய சவால். அந்த நேரத்தில் மன உறுதியை நம்பிப் பயனில்லை. கையெட்டும் இடத்தில் வறுத்த கடலையோ பாதாமோ அவித்த முட்டையோ பழமோ இருந்தால் அதைச் சாப்பிடுவீர்கள்; பிஸ்கட் இருந்தால் பிஸ்கட்டைச் சாப்பிடுவீர்கள். எது இருக்கப் போகிறது என்பது, கடைக்குப் போகும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. அந்தப் பசி எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். காலையில் டீயும் ரொட்டியும், மதியம் மாவுச்சத்து மட்டும் என்று ஓட்டுகிறவர்களுக்கு நாலு மணிக்குப் பசிக்கத்தான் செய்யும். மதியச் சாப்பாட்டில் பருப்போ பயறோ முட்டையோ மீனோ சேர்த்ததும், மாலைப் பாக்கெட் தானாகவே விட்டுப்போனதைப் பலரிடம் கண்டிருக்கிறேன்.

நேரமில்லை என்பது சாக்குப்போக்கு இல்லை. இரண்டு வேலை பார்த்து, பிள்ளைகளையும் முதியவர்களையும் கவனிக்கும் ஒருவரிடம் “எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யுங்கள்” என்று சொல்வது இரக்கமற்ற அறிவுரை. உறைய வைத்த காய்கறி, தண்ணீரில் அலசிய டப்பாப் பயறு, சேர்மானம் குறைந்த ரொட்டி ஆகியவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். உடனடி நூடுல்ஸ் இல்லாமல் முடியாத இரவில், மசாலாப் பொட்டலத்தில் பாதியை மட்டும் போட்டு, ஒரு முட்டையும் ஒரு கைப்பிடிக் காயும் சேருங்கள். உப்பு கணிசமாகக் குறையும், பசியும் தாங்கும். குழந்தைகள் விஷயத்தில் தடையும் வேண்டாம், பரிசாகக் கொடுப்பதும் வேண்டாம். “காயைச் சாப்பிட்டால் சாக்லேட்” என்று சொன்னால், காய் தண்டனை, சாக்லேட் வெகுமதி என்று குழந்தை சரியாகவே புரிந்துகொள்கிறது.

சிலர் மட்டும் தாமாக எதையும் மாற்றக் கூடாது. தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்கான பால்மாவும், நோயாளிகளுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த ஊட்டச்சத்துப் பானமும் வகைப்பாட்டின்படி நான்காம் வகையில் வரும். அதற்காக அவற்றை நிறுத்திவிடாதீர்கள். இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் இனிப்புப் பானத்தையும் பிஸ்கட்டையும் திடீரென்று விட்டால் ரத்தச் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடலாம். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் 338 முதல் 341 வரையிலும், 450 முதல் 452 வரையிலும் உள்ள சேர்மான எண்களைக் கவனிக்க வேண்டும். இவை பாஸ்பேட்டுகள், அதாவது பாஸ்பரஸ் அடங்கிய சேர்மங்கள். பழுதான சிறுநீரகத்தால் பாஸ்பரஸையும் பொட்டாசியத்தையும் சரியாக வெளியேற்ற முடியாது. பயறு, தானியங்களில் இயற்கையாக உள்ள பாஸ்பரஸில் ஒரு பகுதிதான் உடலில் சேரும். இவை ஏறத்தாழ முழுவதும் சேர்ந்துவிடும். எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பெரும்பாலும் உறையில் போடுவதுமில்லை. சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கக்கூடும் என்பதால் அதையும் கேட்காமல் தொடாதீர்கள். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, ரத்தப் பரிசோதனை அறிக்கையோடு வீட்டிலுள்ள பாக்கெட்டுகளின் பின்பக்கத்தையும் படமெடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.