கண் அழும்போது மூக்கு என்ன செய்கிறது?

கோடம்பாக்கத்து மேக்கப் பெட்டிகளில் கிளிசரினுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. கண்ணுக்குக் கீழே ஒரு சொட்டு வைத்தால் பிசுபிசுவென்று மெதுவாக இறங்கும். காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள் என்பதால் விளக்குச் சூட்டிலும் சட்டென்று காயாது. அப்படியும் சில க்ளோசப்கள் பொய்யாகத் தெரியும். காரணத்தை மூக்கில் தேட வேண்டும்.

கண்ணில் சாதாரணமாக இருக்கும் நீர் சுமார் 7 மைக்ரோலிட்டர்தான். அழும்போது சுரப்பு பெருகும். அதில் ஒரு பங்கு, இமைகளின் மூக்கோர முனையில் உள்ள நுண்துளைகள் வழியாக மூக்குக்குள் இறங்கிவிடும். அழுபவர் மூக்கைச் சிந்துவது அதனால்தான். இந்த வடிகால் தாங்காத மிச்சம் கீழிமையில் தேங்கி நிற்கும் நிலையைத்தான் கண்கலங்குதல் என்கிறோம். ஒவ்வொரு இமைப்பும் அந்த நீரை வடிகாலுக்குள் தள்ளும் பம்ப். எனவே ஒரு சொட்டு விழவேண்டிய ஷாட்டில் படபடவென்று இமைத்தால் சேர்ந்ததெல்லாம் உள்ளே போய்விடும். இமைக்காமல் தேங்கவிட்டு, வசனத்தின் கடைசிச் சொல்லில் ஒருமுறை மூடித் திறந்தால் உருண்டு விழும். கன்னத்தில் வைத்த கிளிசரின் சொட்டு இந்தப் பாதை எதிலும் போவதில்லை. கன்னம் நனைந்திருக்கும், மூக்கும் இமையும் உலர்ந்து கிடக்கும்.

மெந்தால் தடவினால் நிஜக் கண்ணீரே வரும், மூக்கும் ஒழுகும். ஆனால் அது எரிச்சலுக்கு வந்த நீர். முகத்தின் மற்ற தசைகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது.

முகபாவத் தசைகளை இயக்குவது ஏழாம் மண்டை நரம்பு. அதற்கு மூளையில் இரண்டு இடங்களிலிருந்து கட்டளை வருகிறது: நாமாக அசைக்கும்போது மேற்பரப்பின் இயக்கப் பகுதியிலிருந்து, உணர்ச்சி பொங்கும்போது உள்ளே வேறு பாதைகளிலிருந்து. பக்கவாதம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. சிலருக்கு “சிரியுங்கள்” என்றால் வாய் ஒருபக்கமாகக் கோணும். அவர்களே நகைச்சுவை கேட்டால் இருபக்கமும் சமமாக மலரச் சிரிப்பார்கள். வேறு சிலருக்கு நேர் எதிராகவும் நடக்கும்.

நிஜத்தில் அழுகிற பெரியவர்கள் பெரும்பாலும் அழுகையை அடக்கத்தான் பார்க்கிறார்கள். உள்ளிருந்து ஒரு கட்டளை உதட்டோரத்தைக் கீழே இழுக்கிறது. மேலிருந்து இன்னொன்று உதட்டை இறுக்கிப் பிடிக்கிறது. இந்த மல்லுக்கட்டில்தான் மோவாய் சுருங்கித் துடிக்கிறது, புருவத்தின் உள்முனை மேலேறுகிறது. புருவத்தின் உள்முனையை மட்டும் வேண்டுமென்றே தூக்கப் பலருக்கும் வராது. அழ முயல்கிற நடிகரின் முகத்தில் இந்தச் சண்டையே இல்லை. அழாமலிருக்க முயலுங்கள் என்று சொல்லிப் பாருங்கள், ஷாட் மாறிவிடும். 15 சென்டிமீட்டர் முகம் திரையில் 6 மீட்டருக்கு நிற்கிறது, 40 மடங்கு. புருவம் 2 மில்லிமீட்டர் அசைந்தால் திரையில் 8 சென்டிமீட்டர். நாடக மேடைப் பழக்கத்தில் நெற்றி முழுவதையும் சுருக்கினால் அந்த அளவில் தாங்காது.

படப்பிடிப்பில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. நான்கு டேக் நிஜமாக அழுதபின் இமை வீங்கிவிடும், டச்சப்பில் மறையாது. அழுகைக் காட்சியின் க்ளோசப்பை முதலில் எடுத்துவிடுவதே நல்லது.

பிறகு டப்பிங் தியேட்டர். அங்கே கண்ணீர் எதற்கும் உதவாது, மூச்சுதான் நடிக்க வேண்டும். விசும்பல், விம்மல், தேம்பல், கேவல் என்று நம் மொழி பிரித்து வைத்திருப்பது வீணல்ல. தேம்பலில் உள்மூச்சு துண்டு துண்டாக வெட்டி வெட்டி இழுபடும். தொண்டை அடைப்பதற்கும் காரணம் உண்டு: உணர்ச்சி வேகத்தில் குரல்வளை விரிந்து நிற்க, விழுங்கும் அசைவு அதை மூடப் பார்க்கிறது. அந்த இழுபறிதான் உருண்டை அடைத்தது போன்ற உணர்வு. குரலை மட்டும் நடுங்க வைத்து மூச்சைச் சீராக விட்டால், மைக் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

சிரிப்பு இன்னும் தந்திரமானது. 1862இல் பிரெஞ்சு மருத்துவர் துஷேன் மின்சாரத்தால் முகத் தசைகளை இயக்கிப் பார்த்து, மனமகிழ்ச்சியில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து இயங்கும் என்றார். கண்ணோரச் சுருக்கம் இருந்தால் உண்மைச் சிரிப்பு என்ற நம்பிக்கை அதிலிருந்து பரவியது. அந்தச் சுருக்கத்தைப் பலரால் வேண்டுமென்றே வரவழைக்க முடியும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. வாயை அகலமாக விரித்தாலே கன்னம் ஏறிக் கண்ணோரம் சுருங்கும். தீவுத்திடல் மேடையில் பேசுபவரின் சிரிப்பைப் பெரிய எல்இடி திரையில் பார்த்து அவர் மனதை அளக்க நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பொய்யையும் உண்மையையும் மனிதர்கள் பிரித்தறிவது குறித்த 200க்கும் மேற்பட்ட ஆய்வுகளை 2006இல் தொகுத்துப் பார்த்தபோது சராசரி வெற்றி 54 சதவீதம்தான். காசு சுண்டினாலே 50 வரும்.

துக்க வீட்டு வாசலில் மைக்கை நீட்டி, “கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லையே” என்று பேசுவது கொடுமை. பார்க்கின்சன் நோயில் முகத் தசைகள் இறுகி, உள்ளே துயரம் இருந்தும் முகம் கல்லாகத் தெரியும். மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகளை உட்கொள்பவர்களில் சிலருக்கு அழுகையே வராது. பக்கவாதத்துக்குப் பின் சிலர் துக்கமே இல்லாமல் தேம்பித் தேம்பி அழுவார்கள். ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டால் தெரியவில்லை என்பார்கள்.