கார் கணினியைக் கழற்றி எறிய முன்

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பழைய ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு இஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரிபொருளையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரைத் திருகிச் சரிக்கட்டினால் வண்டி புகைத்துக்கொண்டாவது போய்விடும். அதற்குப் பிறகு வந்த ஜப்பான் கார்களிடம் இந்த வேலை நடக்காது. எவ்வளவு பெற்றோல், எந்த நேரத்தில் தீப்பொறி என்பதை அங்கே ஒரு கணினி தீர்மானிக்கிறது. இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025வரை தனியார் கார்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. அதனால் முப்பது வயதுக் கணினிகளை இன்னும் பாடாய்ப் படுத்திக்கொண்டிருக்கிறோம்.

இஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு 20 மில்லி செக்கன்தான். அதற்குள் காற்றின் அளவு, தண்ணீரின் சூடு, அக்சிலேற்றரின் நிலை எல்லாவற்றையும் வாசித்து, பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்ரரைச் சில மில்லி செக்கன் மட்டும் திறந்து மூடவேண்டும். இதற்கு ஆடாத 5 வோல்ற் வேண்டும். பற்றரியிலிருந்து வருவதோ ஏறி இறங்கும் 12, 14 வோல்ற். அதை 5 வோல்ற்றுக்கு இறக்குவது ஒரு சிப். அதற்குத் துணையாக மின்னின் துடிப்புகளை வாங்கிச் சமன்செய்பவை கப்பாசிற்றர்கள் என்ற சின்ன அலுமினியக் குப்பிகள்.

கிழடுதட்டுவதும் பெரும்பாலும் அவைதான். உள்ளே இருக்கும் திரவம் காய்ந்துபோகும், அல்லது அடிப்பக்கத்தால் கசியும். வெப்பம் 10 பாகை கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரை நினைத்துப் பாருங்கள்.

கொக்குவிலில் ஒரு கராச்சில், சித்தப்பாவின் காரிலிருந்து கழற்றிய கணினிப் பெட்டியைத் திறந்தபோது பக்கத்தில் நின்றேன். முதலில் வந்தது மீன் கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு மணம். குப்பியின் காலடியில் பச்சை பூத்திருந்தது. தலைமயிர் அளவு செப்புக்கோடு ஒன்று அரித்து அறுந்திருந்தது. கெட்டது அவ்வளவுதான். குப்பிகளைக் கழற்றி, அற்ககோலால் தேய்த்துக் கழுவி, அதே கொள்ளளவில் (மைக்ரோபராட்) 105 பாகை தாங்கும் புதியவற்றைப் பற்றவைத்து, அறுந்த கோட்டுக்கு மெல்லிய வயர் போட்டார்கள். குப்பியில் கோடு போட்ட பக்கம் மைனஸ், மாறிவிட்டால் வெடிக்கலாம்.

ஆனால் பெட்டியைத் திறப்பது கடைசி வேலை. திறப்பை (சாவியை)ப் போட்டதும் டாஷ்போட்டில் இஞ்சின் விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் பியூஸ், றிலே, எர்த் வயர் மூன்றையும் பாருங்கள். எங்கள் உப்புக்காற்றில் எர்த் பூட்டிய ஆணி கறள் பிடித்துக் கிடக்கும், பழி கணினிக்குப் போகும். சென்சர்களுக்குப் போகும் 5 வோல்ற் இல்லாவிட்டாலும் அவசரப்படாதீர்கள். ஒரு சென்சர் சோட் ஆனாலே அந்த மின்னழுத்தம் முழுவதும் படுத்துவிடும். சென்சர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ற் திரும்பினால் கள்ளன் அதுதான்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். கணினிக்குள் இன்ஜெக்ரரை இயக்கும் ட்ரான்சிஸ்ரர் கருகியிருந்தால் அதைக் கருக்கியது பெரும்பாலும் வெளியே இருக்கும். இந்தக் கார்களின் இன்ஜெக்ரர் சுருள் பொதுவாக 12 முதல் 16 ஓம் காட்டும். 2 ஓம் காட்டுவதை அப்படியே விட்டு வேறு கணினியைப் பூட்டினால் அதுவும் கருகும்.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், சரி, பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம். காரின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் இலக்கம் முழுவதும் பொருந்தவேண்டும். ஒரே மொடல், ஒரே இஞ்சின் என்றாலும் ஓட்டோ கியருக்கு வேறு, கைக் கியருக்கு வேறு. 1990களின் இறுதிக்குப் பிறகு வந்த பல கார்களில் திறப்பின் அடையாளமும் மின்னணுவாகப் பதிந்திருக்கும். அது ஒத்துவராவிட்டால் இஞ்சின் பிடிக்காது, அல்லது பிடித்து உடனே நின்றுவிடும். அதனால் பழைய பெட்டியைக் குப்பையில் போடாதீர்கள். பல கார்களில் அந்த அடையாளம் அதற்குள் இருக்கும் எட்டுக்கால் சிப் ஒன்றில் இருக்கும். அதை வாசித்துப் புதிய பெட்டிக்கு மாற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.