இயன்முறை மருத்துவம்: பிடித்துவிடும் வேலை அல்ல

முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள், அத்தையின் கட்டிலருகே ஓர் இளைஞர் வந்தார். பாகைமானி போன்ற கருவியை மூட்டின் பக்கத்தில் பொருத்தி, "அம்மா, மெல்ல மடக்குங்கள், இன்னும் கொஞ்சம்" என்றார். 75 டிகிரி என்று குறித்துக்கொண்டார். அன்று மாலை தொலைபேசியில் அத்தை, "பிசியோக்காரத் தம்பி வந்து பிடித்துவிட்டுப் போனார்" என்று சொன்னார். அவர் எதையும் பிடித்துவிடவில்லை. அளந்தார், நிற்கவைத்தார், நான்கு அடி நடக்கவைத்தார். சொல் சரியில்லாததால் வந்த குழப்பம் இது.

அவர் செய்தது பிசியோதெரபி, தமிழில் இயன்முறை மருத்துவம். பிசியோதெரபி என்பதில் இரண்டு கிரேக்கச் சொற்கள் இருக்கின்றன. 'பிசிஸ்' என்றால் இயற்கை, ஒன்றன் பிறவித் தன்மை. 'தெரபியா' என்றால் பணிவிடை, பேணுதல், பிறகு குணப்படுத்துதல். தமிழில் 'இயல்' என்ற சொல்லும் அதே தன்மையைத்தான் குறிக்கிறது. நல்+மை நன்மை ஆவதுபோல இயல்+முறை இயன்முறை ஆகிறது. உடலின் இயல்பான அசைவைக் கொண்டே உடலைச் சீராக்கும் முறை என்று பொருள். 'உடற்பயிற்சிச் சிகிச்சை' என்று சொல்வோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பயிற்சி இத்துறையின் ஒரு கைதான். பக்கவாதம் வந்தவருக்கு நடை திரும்புவதும், நெஞ்சில் சளி கட்டியவருக்கு மூச்சு சீராவதும் அந்தப் பெயருக்குள் அடங்கா.

பிடித்துவிடுபவர் என்ற எண்ணம் நம்மிடம் மட்டும் இருந்ததில்லை. பிரிட்டனில் 1894இல் நான்கு தாதியர் தொடங்கிய சங்கத்தின் பெயரிலேயே 'பயிற்சி பெற்ற மசாஜ் பெண்கள்' என்றுதான் இருந்தது. தகுதியற்றோர் அத்தொழிலுக்குத் தேடித்தந்த கெட்ட பெயரைத் துடைக்கவே அவர்கள் ஒன்றுகூடித் தேர்வும் நெறியும் வகுத்தார்கள். அந்தச் சங்கத்தின் பெயரில் பிசியோதெரபி என்ற சொல் பின்னாளில்தான் சேர்ந்தது.

சிங்கப்பூரில் இன்று இதற்குப் பட்டப்படிப்பு உண்டு. 2011இல் இயற்றிய சட்டத்தின்கீழ், பதிவு செய்யாமல் இத்தொழிலைச் செய்ய முடியாது. வளரும் நாடுகளில் இந்தப் பாதை கடினமானது. நம்மோடு இங்கே உழைக்கும் பங்களாதேஷ் சகோதரர்களின் நாட்டையே பாருங்கள். பிரிட்டனிலிருந்து சென்ற இயன்முறைச் சிகிச்சையாளர் வாலரி டெய்லர், 1979இல் டாக்காவின் ஒரு மருத்துவமனை வளாகத்தில், கைவிடப்பட்ட இரண்டு சிமெண்ட் கிடங்குகளில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்காக மறுவாழ்வு மையம் தொடங்கினார். நோயாளிகள் நிறைந்தார்கள், தெரிந்து செய்யும் கைகள் போதவில்லை. வெளிநாட்டுத் தொண்டர்களை எத்தனை காலம் நம்புவது? 1992இல் அம்மையத்திலேயே கல்விநிலையம் பிறந்தது. டாக்கா பல்கலைக்கழக இணைப்புடன் பட்டம் தருகிறது. தொழிலை நெறிப்படுத்தும் மறுவாழ்வு மன்றச் சட்டம் வந்ததோ 2018இல். கட்டிடமும் பாடமும் முந்திவிட்டன. சட்டம் வந்துசேர இருபத்தாறு ஆண்டுகள். அந்த இடைவெளியில் யாருடைய கை தம் முதுகைத் தொடுகிறது என்று நோயாளி எதை வைத்து அறிவார்?

துறையை 'இயன்முறை மருத்துவம்' என்றே சொல்வோம். ஆளை இங்கே 'இயன்முறைச் சிகிச்சையாளர்' என்பது பொருத்தம்; மருத்துவர்களுக்கான பதிவேடு வேறு, இவர்களுக்கானது வேறு. அத்தைக்கும் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வாரம் அழைத்தபோது, "இயன்முறைத் தம்பி இன்றைக்கு 90 என்று எழுதினார்" என்றார்.