பிக்கிள்பால் என்னும் துளைப்பந்து

பலகை போன்ற மட்டையால், துளைகள் உள்ள பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேல் அடித்து ஆடும் ஆட்டம் பிக்கிள்பால். அதைத் தமிழில் எப்படி அழைப்பது? 'பிக்கிள்' என்றால் ஊறுகாய், 'பால்' என்றால் பந்து. இரண்டையும் ஒட்டி 'ஊறுகாய்ப்பந்து' என்று எழுதிவிட்டுப் போகலாம் என்று யாருக்கும் தோன்றும். அப்படி எழுதினால் படிப்பவர் சிரிப்பார்; விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள மாட்டார். பெயரில் இருக்கும் பிக்கிள் சமையலறையிலிருந்து வந்ததல்ல, படகுத்துறையிலிருந்து வந்தது.

1965ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பெயின்பிரிட்ஜ் தீவில் இந்த ஆட்டம் பிறந்தது. பின்னாளில் அம்மாநிலத்தின் துணை ஆளுநரான ஜோயல் பிரிட்சர்டும் அவருடைய நண்பர் பில் பெல்லும், பொழுது போகாமல் அலுத்துக் கிடந்த வீட்டாருக்காக ஏதாவது ஆட்டம் ஏற்பாடு செய்யப் பார்த்தார்கள். வீட்டில் பழைய இறகுப்பந்துத் தளம் இருந்தது. ஆடுவதற்குரிய சாமான்கள்தான் சரியாக இல்லை. கைக்குக் கிடைத்த மேசைப்பந்து மட்டைகளையும் துளைகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் பந்தையும் எடுத்துக்கொண்டார்கள். பந்து தரையில் நன்றாக எழும்புவதைக் கண்டு, 5 அடி உயரத்தில் இருந்த வலையை 3 அடிக்கு இறக்கினார்கள். பார்னி மெக்கலம் என்ற மூன்றாவது நண்பரும் சேர்ந்துகொள்ள, விதிகள் உருவாயின.

பெயர் வைத்தவர் பிரிட்சர்டின் மனைவி ஜோன். துடுப்புப் படகுப் போட்டிகளில், மற்றப் படகுகளில் இடம் கிடைக்காமல் மிஞ்சியவர்களை எல்லாம் திரட்டி ஏற்றும் படகுக்குப் 'பிக்கிள் படகு' என்று பெயர். ஓர் ஆட்டத்தின் தளம், இன்னோர் ஆட்டத்தின் மட்டை, வேறெதற்கோ செய்த பந்து என்று சேர்ந்த இந்த விளையாட்டு அவருக்கு அந்தப் படகை நினைவூட்டியது. பிரிட்சர்டு வீட்டு நாயின் பெயர் பிக்கிள்ஸ், அதிலிருந்துதான் இது வந்தது என்று மெக்கலம் சொல்லிவந்தார். ஆனால், நாய் சில ஆண்டுகள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தது, ஆட்டத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்தோம் என்பது பிரிட்சர்டு குடும்பத்தாரின் பதில். நாய்க் கதை கேட்கச் சுவையாக இருப்பதால் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தமிழில் பந்து விளையாட்டுகளுக்குப் பெயர் வைக்க ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. எந்த உறுப்பு, எந்தக் கருவி, எந்த இடம், பந்து எப்படிப்பட்டது என்று பார்த்து அதைப் 'பந்து'க்கு முன்னால் வைக்கிறோம்: கால்பந்து, கூடைப்பந்து, மேசைப்பந்து, இறகுப்பந்து. பிக்கிள்பாலில் சட்டென்று கண்ணில் படும் கூறு, பந்தில் உள்ள துளைகள். ஆகவே 'துளைப்பந்து' என்பதே என் பரிந்துரை. மட்டையை வைத்துப் பெயரிடலாமே என்று கேட்கலாம். நரம்பு பின்னாத, பலகை போன்ற அந்த மட்டைக்கு ஆங்கிலத்தில் துடுப்பின் பெயரே வழங்குகிறது. நாமும் 'துடுப்புப்பந்து' என்றால், கிரிக்கெட்டைத் துடுப்பாட்டம் என்று அழைக்கும் இலங்கைத் தமிழர் குழம்பிப்போவார்கள்.

துளையைப் பெயரில் வைக்க இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஆட்டம் இவ்வளவு பேரை இழுத்ததற்கும், டென்னிஸோடு உரசுவதற்கும் மூலம் அந்தத் துளைகள்தான். பந்தில் 26 முதல் 40 துளைகள் வரை இருக்கலாம். எடை டென்னிஸ் பந்தின் எடையில் பாதிகூட வராது. ஓங்கி அடித்தாலும் காற்றில் சீக்கிரம் வேகம் இழந்துவிடும். அதனால் சிறிய தளமே போதும்: 44 அடி நீளம், 20 அடி அகலம், அதாவது இரட்டையர் இறகுப்பந்துத் தளத்தின் அளவு. ஓட வேண்டிய தூரம் குறைவு. தோளுக்கு மேல் கையை வீசி ஆட்டத்தைத் தொடங்க வேண்டியதில்லை. இடுப்புக்குக் கீழிருந்து அடித்தால் போதும். முழங்கால் வலிக்கிறது என்று டென்னிஸை விட்டவர்கள் இங்கே வந்து சேர்வதில் வியப்பில்லை.

தளம் சிறியது என்ற இடத்தில்தான் வம்பு தொடங்குகிறது. சுற்றுவெளியையும் சேர்த்து ஒரு டென்னிஸ் தளம் பிடிக்கும் இடத்தில் நான்கு துளைப்பந்துத் தளங்களை அமைத்துவிடலாம். நான்கு பேர் இரட்டையர் ஆட்டம் ஆடிய இடத்தில் பதினாறு பேர் ஆடலாம். கட்டணம் வாங்கும் விளையாட்டு மன்றத்துக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டாம். 2024இல் விம்பிள்டனின்போது டென்னிஸ் வீரர் நோவக் ஜோகோவிச், மன்ற அளவில் டென்னிஸ் ஆபத்தில் இருக்கிறது, ஏதாவது செய்யாவிட்டால் டென்னிஸ் மன்றங்களை எல்லாம் பேடல் (சுவர் சூழ்ந்த தளத்தில் ஆடும் வேறொரு பந்தாட்டம்), பிக்கிள்பால் தளங்களாக மாற்றிவிடுவார்கள் என்று எச்சரித்தார்.

புதிய தளம் கட்டாமல் பழைய டென்னிஸ் தளத்தின் மேலேயே வேறு நிறத்தில் கோடு போடுவதும் நடக்கிறது. வலையில் பெரிய வேறுபாடு இல்லை: டென்னிஸ் வலையின் நடுப்பகுதி 36 அங்குலம், துளைப்பந்து வலையின் நடுப்பகுதி 34 அங்குலம். நடுவில் இரண்டு அங்குலம் இறக்கினால் ஒப்பேற்றிவிடலாம். ஆனால் தரையில் இரண்டு விளையாட்டின் கோடுகளும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்க, பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று டென்னிஸ் ஆடுபவர் தடுமாறுகிறார். டென்னிஸை 'வரிப்பந்து' என்று தமிழாக்கியவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு புகார் சத்தம். மென்மயிர் போர்த்த டென்னிஸ் பந்து மட்டையின் நரம்பில் படும்போது எழுவது அமுங்கிய ஒலி. உள்ளீடற்ற பிளாஸ்டிக் பந்து கடினமான மட்டையில் மோதினால் 'டொக்' என்று தெறிக்கும். பக்கத்தில் நான்கு தளங்கள் இருந்தால் அது ஓயாது. அமெரிக்காவில் அக்கம்பக்கத்தார் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள்.

இதை வைத்து டென்னிஸ் அழிகிறது என்று எழுதுவது மிகை. அமெரிக்காவில் துளைப்பந்து ஆடியவர்கள் 2021இல் ஏறக்குறைய 48 லட்சம். 2023இல் 1 கோடியே 36 லட்சம். அதே காலத்தில் அங்கே டென்னிஸ் ஆடுபவர்களும் 2 கோடிக்கு மேல்தான். ஆள் குறையவில்லை, சண்டை இடத்துக்காகத்தான்.

கூடவே வரும் ஒரு சொல்லையும் பார்த்துவிடலாம். வலையின் இருபுறமும் 7 அடி அகலத்தில் உள்ள பட்டையை ஆடுபவர்கள் 'கிச்சன்' என்பார்கள். அதற்குள் நின்று, பந்து தரையில் படும் முன் அடித்தால் தவறு. பட்டு எழும்பிய பிறகு அடிக்கலாம். வலைக்கு மிக அருகில் நின்று ஓங்கி அடிப்பவரே வெல்லாமல் இருக்க இந்த விதி. இதையும் 'சமையலறை' என்று பெயர்த்தால் ஊறுகாய்ப்பந்து கதைதான். 'வலையோரப் பட்டை' என்றால் படித்தவுடன் இடம் விளங்கும்.

ஜோகோவிச் சேர்த்துச் சொன்ன பேடல் முற்றிலும் வேறு ஆட்டம். மெக்சிகோவில் தோன்றியது; சுற்றிலும் சுவர் உண்டு, சுவரில் பட்டுத் திரும்பும் பந்தையும் அடிக்கலாம், பந்தில் துளை கிடையாது. இரண்டையும் துளைப்பந்து என்ற ஒரே பெயரில் அடக்கிவிடக் கூடாது.