என்ன சாப்பிட்டோம் என்பது இரண்டாவது கேள்வி

எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த வால்டர் கேனன், பூனைகளுக்குப் பிஸ்மத் உப்பு கலந்த உணவைக் கொடுத்து, ஒளிரும் திரையில் அவற்றின் இரைப்பையைப் பார்க்கத் தொடங்கினார். பிஸ்மத் எக்ஸ்-கதிரை மறிப்பதால் உணவு கரிய நிழலாகத் தெரியும். இரைப்பையின் நடுப்பகுதியில் ஒரு சுருக்கம் தோன்றி, அலையாகச் சிறுகுடல் பக்கம் நகரும். அது போய்ச் சேர்வதற்குள் பின்னால் அடுத்த அலை கிளம்பிவிடும். ஆனால் சில சமயம் அலைகள் சட்டென்று நின்றுபோயின. கட்டிப்போட்ட பூனை எரிச்சலடைந்து திமிறும் நேரமெல்லாம் இரைப்பை அசையாமல் கிடந்தது. தடவிக் கொடுத்து அமைதிப்படுத்தினால் அலைகள் மறுபடி ஆரம்பித்தன. 1898-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது.

வயிறு கொஞ்சம் முரண்டு பிடித்தாலே நாம் முதலில் சந்தேகப்படுவது சாப்பாட்டைத்தான். பாலா, காரமா, எண்ணெயா என்று குற்றவாளியைத் தேடி, ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே போகிறோம். சாப்பாட்டில் குற்றமே இருக்காது என்று சொல்ல வரவில்லை. ஆனால் நெஞ்சு எரிச்சல், உப்புசம், மலச்சிக்கல் போன்ற அன்றாடத் தொல்லைகளில் பெரும்பாலானவை அசைவின் கோளாறுகள், நேரத்தின் கோளாறுகள், உணர்வின் கோளாறுகள். அதனால் எப்போது சாப்பிட்டோம், எவ்வளவு வேகமாகச் சாப்பிட்டோம், எந்த மனநிலையில் சாப்பிட்டோம் என்று கேட்டுவிட்டு, அப்புறம் என்ன சாப்பிட்டோம் என்று கேட்பதுதான் சரியான வரிசை என்பது என் கட்சி.

காரணம், குடலின் சுவருக்குள்ளேயே தனியாக ஒரு நரம்பு வலை இருக்கிறது. அதில் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள். உணவைத் தள்ளுவது, கலக்குவது, நீர் சுரப்பது போன்ற வேலைகளை மூளையைக் கேட்காமலே இது செய்துகொள்ளும். மூளைக்கும் வயிற்றுக்கும் நடுவே ஓடும் முக்கியத் தொடர்பு வேகஸ் நரம்பு. அதன் இழைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகின்றன. மேலிருந்து கட்டளை கொண்டுவருபவை மீதிதான். அந்தக் கொஞ்சமே போதும், பதற்றம் வந்தால் எல்லாம் மாறிவிட. மன அழுத்தத்தில் இரைப்பை காலியாவது மெதுவாகிறது. அதே நேரத்தில் பெருங்குடல் வேகம் பிடிக்கிறது. தேர்வு நாளில் மேல் வயிறு கல்லாகக் கனப்பதும், இரண்டு முறை கழிவறைக்கு ஓட வேண்டியிருப்பதும் ஒரே காரணத்தால்தான்.

பதற்றம் அசைவை மட்டுமல்ல, வலியின் அளவையும் மாற்றும். புண் எதுவும் இல்லாமலே வயிற்று வலியும் மலப்பழக்கக் கோளாறும் தொடரும் குடலெரிச்சல் நோய் (IBS) உள்ள பலருக்கு மலக்குடலில் சிறு பலூனை வைத்து ஊதினால், மற்றவர்களுக்கு லேசாக மட்டும் தெரியும் அளவிலேயே வலி வந்துவிடுகிறது. குடலில் புண்ணோ கட்டியோ எதுவும் இல்லை. அங்கிருந்து வரும் செய்தியை நரம்புகள் உரக்கச் சொல்கின்றன, அவ்வளவுதான். எண்டோஸ்கோபியில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக எல்லாம் மனப்பிரமை என்று ஒருவரை அனுப்பிவிடுவது தவறு. எதிர்ப்பக்கத் தவறும் நடந்திருக்கிறது. இரைப்பைப் புண்ணுக்கு டென்ஷனும் காரமும்தான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் காட்டியபோது பலர் ஏற்கவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்துத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. ஆகவே அல்சர் என்று உறுதியானால் தேவைப்படுவது கிருமிச் சோதனையும், இருந்தால் ஆன்டிபயாடிக்கும். வலிநிவாரணி மாத்திரைகளை அடிக்கடி போடுபவர் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், புண்ணுக்கு அது இன்னொரு முக்கியக் காரணம்.

நெஞ்சு எரிச்சலுக்கு வருவோம். அமிலம் அதிகமாகச் சுரப்பதுதான் காரணம் என்று நினைக்கிறோம். பெரும்பாலோருக்கு அளவு சரியாகவே இருக்கிறது. இருக்கும் இடம்தான் தப்பு. உணவுக்குழாயின் அடியில் ஒரு தசை வளையம் இறுகி நின்று வழியை மூடுகிறது. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் வெளியிலிருந்து அதை அழுத்திப் பிடிக்கிறது. இரைப்பை நிரம்பி விரியும்போது ஏப்பம் வெளியேறுவதற்காக இந்த வளையம் அவ்வப்போது தானாகத் தளரும். அந்த நேரத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தால், காற்றோடு அமிலமும் மேலே வந்துவிடும். கொழுப்பு நிறைந்த உணவு என்றால் இரைப்பை காலியாகவே நெடுநேரம் பிடிக்கும்.

இதைப் புரிந்துகொண்டால் செய்ய வேண்டியது தானாகத் தெரியும். கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம். இரவுச் சாப்பாடு சின்னதாக. படுக்கும்போது இடப்பக்கம்: அப்படிப் படுத்தால் இரைப்பையில் தேங்கிய அமிலத்தைவிட உணவுக்குழாயின் வாசல் உயரத்தில் அமைகிறது, வலப்பக்கம் என்றால் நேர்மாறு. தலைப்பக்கத்தை உயர்த்துவதும் உதவும், ஆனால் தலையணையை அடுக்கினால் உடம்பு இடுப்பில் மடிந்து வயிறுதான் நசுங்கும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டை வைப்பது நல்லது. இடுப்பை இறுக்கும் பெல்ட்டும், வயிற்றைச் சுற்றிய கூடுதல் எடையும் இதே கணக்கில் வருபவை. புதினா விஷயத்தில் ஒரு வேடிக்கை: குடல் தசையைத் தளர்த்தி வயிற்றுப் பிசைவுக்கு நல்லது செய்யும் அதே புதினா, மேலே இருக்கும் வளையத்தையும் தளர்த்தி எரிச்சலைக் கூட்டிவிடலாம்.

சாப்பாடுகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும் என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. வயிறு காலியாக இருக்கும்போது ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரைப்பையில் கிளம்பும் பலமான அலை சிறுகுடல் நெடுக ஓடி, மிச்சம் மீதியையும் பாக்டீரியாக்களையும் விளக்குமாறு போட்டது போலக் கீழே தள்ளிக்கொண்டு போகிறது. பசி நேரத்தில் வயிறு கடகடவென்று உருளுவதில் இதற்கும் பங்குண்டு. ஒரு பிஸ்கட் உள்ளே போனாலும் இந்த வேலை நின்றுவிடும். நாள் முழுக்க எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பவருக்கு இது நடக்க நேரமே கிடைப்பதில்லை. மூன்று, நான்கு மணி நேர இடைவெளி பெரும்பாலோருக்குப் போதும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யட்டும்.

வாயுத் தொல்லையைப் பற்றிப் பேச எல்லோருக்கும் கூச்சம், ஆனால் சுவாரசியமான வேதியியல் அங்கேதான் இருக்கிறது. பீன்ஸ், பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. எனவே அவை முழுதாகப் பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்க வைத்து ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் வெளியிடுகின்றன. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் இந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி போய்விடும். பாலின் கதையும் இதுவே: உலகில் வயது வந்தோரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேருக்குப் பால் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் குறைந்துவிடுகிறது. இதுவும் நோயல்ல, கொஞ்சம் பாலைத் தாங்கும் உடம்பு ஒரு பெரிய கோப்பையைத் தாங்காது, அவ்வளவே. வெளியேறும் வாயுவில் பெரும்பகுதிக்கு வாசனையே கிடையாது. நாற்றம் தருவது ஒரு சதவீதத்துக்கும் குறைவான கந்தகச் சேர்மங்கள்தான்.

ஆனால் உப்புசம் வேறு. வயிறு பலூன் மாதிரி ஆகிவிட்டது என்று சொல்பவர்களை ஸ்கேன் செய்து பார்த்தபோது, பலரிடம் வாயு அப்படியொன்றும் கூடியிருக்கவில்லை. நடந்தது இதுதான்: சாப்பாட்டுக்குப் பிறகு இயல்பாக மேலேற வேண்டிய உதரவிதானம் கீழே இறங்கியிருந்தது, இறுக வேண்டிய முன்வயிற்றுத் தசை தளர்ந்திருந்தது. உள்ளே இருப்பது முன்னால் தள்ளப்பட, வயிறு பிதுங்குகிறது. தசைகளின் பழக்கம் மாறியதன் விளைவு இது, அதனால் பழக்கத்தாலேயே மாற்றவும் முடிகிறது. விடாத ஏப்பமும் இந்த வகைதான். பலர் தம்மை அறியாமல் காற்றை உணவுக்குழாய்க்குள் இழுத்து, வயிற்றுக்குப் போகுமுன்பே வெளியே விடுகிறார்கள். அவசரச் சாப்பாடு, சூயிங் கம், சோடா மூன்றும் காற்று விழுங்கும் வழிகள்.

இங்கே மூச்சு உதவுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கையை மார்பிலும் ஒரு கையை வயிற்றிலும் வையுங்கள். மூக்கால் மெதுவாக இழுக்கும்போது வயிற்றுக் கை மட்டும் அசைய வேண்டும். இழுத்ததைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். வயிற்றால் மூச்சு விட்டுக்கொண்டே காற்றை அப்படி இழுத்து ஏப்பம் விடுவது கடினம், சோதித்துப் பாருங்கள். நெஞ்சு எரிச்சல் உள்ளவர்களுக்கும் இதில் பலன் கிடைத்திருக்கிறது. நீண்ட வெளிமூச்சு வேகஸ் நரம்பின் வேலையைக் கூட்டுகிறது என்பது கூடுதல் லாபம். சாப்பிட உட்காருமுன் ஐந்து நிமிடம் செய்தால் போதும். உணவைப் பார்ப்பதும் முகர்வதும் மெல்லுவதும்கூடச் செரிமானத்தின் பகுதிதான். ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவின் ஆய்வு நாய்களில் விழுங்கிய உணவு இரைப்பைக்கு எட்டாமல் வெளியே விழும்படி செய்திருந்தார்கள். ஆனாலும் இரைப்பை நீர் சுரந்தது. வேகஸ் நரம்பை வெட்டியதும் அது நின்றது. 1904-இல் அவருக்கு நோபல் கிடைத்தது இந்தச் செரிமான ஆய்வுகளுக்காகத்தான். போனைப் பார்த்துக்கொண்டே அள்ளிப்போடுபவர், இந்த முன்னேற்பாட்டில் பாதியைக் கைவிடுகிறார்.

மலச்சிக்கலுக்குத் தண்ணீர் குடி என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள்: குடிப்பதும் உடம்பு சுரப்பதும் சேர்ந்து தினமும் 8, 9 லிட்டர் திரவம் குடலுக்குள் வருகிறது, மலத்தோடு போவது 100 முதல் 200 மில்லி. மீதியெல்லாம் திரும்ப உறிஞ்சப்படுகிறது. எனவே ஏற்கெனவே போதுமான அளவு குடிப்பவர் மேலும் குடிப்பதால் பெரிய மாற்றம் வராது. தண்ணீரைப் பிடித்துவைக்க நார்ச்சத்து வேண்டும், மலம் பெருங்குடலில் தங்கி வறளாமல் இருக்க நேரத்தோடு போக வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து சொல்கிறது. இரண்டே நாளில் அந்த அளவுக்குத் தாவினால் வாயு பிய்த்து எடுக்கும். சில வாரங்களில் மெல்ல ஏற்ற வேண்டும்.

சாப்பிட்டதும் பெருங்குடல் அசையும் அனிச்சை ஒன்று உண்டு. காலை உணவுக்குப் பின் அது பலமாக இருக்கும். அந்த நேரத்தை அவசரத்தில் ஒத்திப்போடுவதுதான் பலரின் மலச்சிக்கலுக்கு ஆரம்பம். உட்காரும் விதமும் முக்கியம். மலக்குடலைச் சுற்றி ஒரு தசை கவண் போல இழுத்துப் பிடித்து ஒரு வளைவை உண்டாக்குகிறது. குந்தும்போது அது நன்றாகத் தளர்ந்து பாதை நேராகிறது. மேலைக் கழிவறையில் உட்காருபவர் காலுக்கடியில் ஒரு சிறு ஸ்டூல் போட்டு முழங்காலை இடுப்புக்கு மேலே கொண்டுவந்தாலே பாதி வேலை முடிந்தது.

இத்தனையும் செய்து பார்த்த பிறகும் தொல்லை இருந்தால், சரி, இப்போது சாப்பாட்டை விசாரிக்கலாம். இரண்டு வாரம் உணவு, நேரம், தூக்கம், மனநிலை, அறிகுறி என எழுதி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எளிதில் நொதிக்கும் சர்க்கரைகளைச் சில வாரம் விலக்கும் முறையை ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். குடலெரிச்சல் நோய்க்கு அது பலருக்குக் கேட்கிறது. ஆனால் பலர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். விலக்கியதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதுதான் அதன் முக்கியமான பாதி. வெங்காயம், கோதுமை, பால், பயறு எல்லாவற்றையும் நிரந்தரமாகத் துறந்தால் குடலின் நல்ல பாக்டீரியாக்களும் பட்டினி கிடக்கும்.

சிலவற்றை மட்டும் டயரி எழுதிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. மலத்தில் ரத்தம், தார் போன்ற கறுப்பு மலம், முயற்சி இல்லாமல் எடை குறைதல், விழுங்கச் சிரமம், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது வயிற்றுப்போக்கு, ஐம்பதை ஒட்டிய வயதில் புதிதாக மாறிய மலப்பழக்கம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் மூச்சும் ஸ்டூலும் அப்புறம், முதலில் மருத்துவர். நெஞ்சில் அழுத்தும் வலி தாடைக்கோ கைக்கோ பரவினால், வியர்த்தால், அதை வாயு என்று நினைத்து ஆன்டாசிட் குடித்துக்கொண்டிருக்காமல் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.